பத்தாவதாக வருகிறவனைக் கேளுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, அமெரிக்கா போன கதை, கம்பெனி ஆரம்பிச்ச கதை எல்லாம் போன வருஷமே பேசியாச்சு. நீ அந்த ரேஸ் சமாச்சாரத்தைப் பேசு" என்றார். மேடையில் கொடுத்தது இருபது நிமிஷம். அங்கே விட்டுப்போன வருஷங்களையும் கணக்குகளையும் மலருக்காகச் சேர்த்திருக்கிறேன். பேச்சு நடையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

நான் 2010-ல் மெக்கானிக்கல் முடித்தவன். வேலை, வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். பந்தயம் இருக்கிற சனி, ஞாயிறுகளில் செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இருப்பேன். கார் ஓட்டுகிறவன் அல்ல. காரை ஜாக்கியில் தூக்கி வைத்து, அடியில் டார்ச் அடித்து, போல்ட்டு சரியாக இருக்கிறதா, எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். ஸ்க்ரூட்டினியர் என்பார்கள். "எங்க காரை மட்டும் ஏன் இவ்வளவு நேரம் பாக்கறீங்க?" என்று எல்லா அணிக்காரர்களிடமும் திட்டு வாங்குகிற பதவி அது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக, மூன்றரை கிலோமீட்டர் சுற்றில் இரவு விளக்கொளியில் கார்ப் பந்தயம் நடந்தது. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதற்கு அப்புறம் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்கிறார்கள். "நம்ம பக்கமும் இப்படி ஒரு பந்தயத் தொடர் ஆரம்பிச்சா என்னங்க? ஸ்பான்சர் பிடிக்கலாம், நடிகர் யாரையாவது கூப்பிடலாம்." கேட்கிறவர்களில் சிலருக்கு உண்மையிலேயே வசதியும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. நம் சங்க உறுப்பினர்களே இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்ன பதிலைத்தான் இன்று மொத்தமாகச் சொல்லப் போகிறேன். பதில் ஒரே வரிதான்: ஒரு தொடர் நிலைக்குமா என்று முதலாவதாக வருகிறவனைக் கேட்காதீர்கள், பத்தாவதாக வருகிறவனைக் கேளுங்கள்.

சக்கரம் வெளியே நிற்கும் கார்

முதலில் எல்லோருக்கும் புரியும்படி ஒரு விளக்கம். ஓப்பன் வீல் கார் என்றால் ஒற்றை இருக்கை, நாலு சக்கரமும் பாடிக்கு வெளியே நிற்கும். மட்கார்டு கிடையாது. ஃபார்முலா ஒன் கார் மாதிரி தோற்றம், அளவும் சக்தியும் மட்டும் மாறும்.

அழகுக்காகச் சக்கரத்தை வெளியே வைக்கவில்லை. எடை குறைவு, சஸ்பென்ஷனின் வேலை கண்ணுக்கே தெரியும், ஓட்டுகிறவன் தன் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பலாம். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தில் உங்கள் முன்சக்கரம் உரசினால் என்ன ஆகும்? தம்பிகளே, முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே திசையில் உருள்கின்றன. ஆனால் தொடும் இடத்தில் முன்கார் டயரின் பின்பக்கம் மேல்நோக்கிப் போகிறது, உங்கள் டயரின் முன்பக்கம் கீழ்நோக்கி வருகிறது. ரப்பர் ரப்பரைக் கவ்வினதும் உங்கள் கார் அந்த டயரின் மேல் ஏறிவிடும். அப்புறம் அது கார் இல்லை, எறிந்த கல். எனவே இந்த வகைக் காரில் ஓட்டுகிறவன் அடுத்தவனுக்கு இடம் விட்டு ஓட்டக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. ஆரம்ப நிலைத் தொடர்களில் எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே எஞ்சின், ஒரே டயர். எஞ்சினுக்கு சீல் வைத்துவிடுவோம். ஜெயித்தால் கையும் தலையும் ஜெயித்ததாக அர்த்தம், அப்பாவின் பணப்பை ஜெயித்ததாக இருக்கக் கூடாது. கொள்கை அதுதான். நடைமுறையில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று தொடர்கள் பிறந்த விதம்

உலகத்தில் நீண்ட நாள் உயிரோடு இருந்த ஆரம்ப நிலைத் தொடர்களைப் பாருங்கள். பிறந்த விதம் ஒரே மாதிரி இருக்கும்.

1963-ல் அமெரிக்காவில் 'ஃபார்முலா வீ' அங்கீகாரம் பெற்றது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ற ஆமை மாதிரிக் கார் இருக்கிறதே, அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஆக்ஸில் எல்லாவற்றையும் கழற்றி ஒரு குழாய்ச் சட்டத்தில் மாட்டினார்கள். வீட்டு ஷெட்டிலேயே கட்டக்கூடிய கார். அறுபது வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1967-ல் இங்கிலாந்தில் 'ஃபார்முலா ஃபோர்டு'. பந்தயம் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளில் விலையுயர்ந்த ரேஸ் எஞ்சின்கள் அடிக்கடி உடைந்து செலவு தாங்கவில்லை. மாணவன் கியரைத் தப்பாகப் போட்டால் எஞ்சின் போச்சு. ரோட்டில் ஓடும் ஃபோர்டு கார்ட்டினாவின் எஞ்சினை மாட்டிப் பார்த்தார்கள். தாங்கியது. அதையே வைத்து ஒரு பந்தய வகையாக ஆக்கினார்கள். கார் விலை ஆயிரம் பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆரம்பக் குறிக்கோள். 1967 ஜூலையில் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் முதல் பந்தயம். 1981-ல் பிரேசிலில் இருந்து வந்து அந்த வகையில் ஓட்டி ஜெயித்த ஓர் இளைஞனின் பெயர் அயர்ட்டன் சென்னா. மிச்சம் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது கதை நம்ம ஊர்க் கதை. தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் அதற்கு முன்பே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போரின் போது போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். பெரிய பெரிய இறக்குமதிக் கார்கள், ராஜாக்கள், தொழிலதிபர்கள். ஜனங்கள் பஸ் பிடித்துப் போய் வேடிக்கை பார்த்தார்கள். நம்மை மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு வேடிக்கை பார்ப்பதற்கு மேல் வழியில்லை.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்த நிலைமையை மாற்றினார். தொழில் குடும்பத்தில் பிறந்தவர், தானே பெரிய பந்தய வீரர். நினைத்திருந்தால் இன்னொரு வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்துகொண்டு போயிருக்கலாம். 1980-களில் ஊரெல்லாம் வந்து இறங்கிய மாருதி 800-ஐப் பார்த்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். அதை வைத்து ஓர் ஒற்றை இருக்கைக் காரைக் கோவைப் பட்டறையிலேயே வடிவமைத்தார். இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் பாடி. 1988-ல் 'ஃபார்முலா மாருதி' வந்தது. 1990-ல் சோழவரத்தை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்ததும் அந்தக் கார்களுக்குச் சரியான ஓடுதளமும் கிடைத்துவிட்டது.

அந்தக் காரில் தொடங்கியவர்கள் யார் யார்? கோவைப் பையன் நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே ஃபார்முலா மாருதிதான். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000-ல் அதே ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். இதுவரை ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இருவருக்கும் முதல் படிக்கட்டு, மார்க்கெட்டுக்குப் போகிற காரின் எஞ்சின்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் இருப்பதுதான். அந்தப் பக்கம் போகும்போது 'கரி' என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த மூன்று கதையிலும் பொதுவான விஷயம் என்ன? எஞ்சின் சின்னது என்பது பெரிய விஷயம் இல்லை. அது உடைந்தால் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் தெருவுக்குத் தெரு இருந்தான். பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைத்தது. சுருக்கமாகச் சொன்னால், கார் ஓடுகிற ஊரிலேயே அந்தக் காரைப் பழுது பார்க்க முடிந்தது.

பெரிய தொகை, சின்ன ஆயுள்

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். 2005-ல் 'ஏ-ஒன் கிராண்ட் பிரீ' என்று ஒரு தொடர் ஆரம்பமானது. நாட்டுக்கு ஒரு அணி, எல்லோருக்கும் ஒரே கார். நல்ல யோசனை. இந்திய அணியும் இருந்தது. 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாய் நகரில் நரேன் அந்த அணிக்காக ஜெயித்தார். நாங்களெல்லாம் ஹாஸ்டல் டி.வி. அறையில் குதித்தோம். 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் அடுத்த சீஸன் தொடங்க வேண்டும். கார்கள் வரவே இல்லை. தொடரை நடத்திய நிறுவனம் இங்கிலாந்தில் கடனில் மூழ்கிவிட்டது, கார்கள் அதோடு மாட்டிக்கொண்டன. அவ்வளவுதான், தொடர் முடிந்தது. ஓட்டுகிறவன் இருந்தான், ரசிகன் இருந்தான், மைதானம் இருந்தது. கார் மட்டும் வேறொரு நாட்டில் பூட்டிக் கிடந்தது.

டெல்லிக்குப் பக்கத்தில் புத் சர்வதேசத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5.1 கிலோமீட்டர், உலகத் தரம். 2011, 2012, 2013 என்று மூன்று வருஷம் ஃபார்முலா ஒன் வந்தது. மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார். அப்புறம் வரிப் பிரச்சினை, வழக்கு என்று நின்றுவிட்டது. தடத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனதும், அடுத்த வாரம் ஓட்டுவதற்கு அந்த ஊர்ப் பையனுக்கு ஒரு கார் மிஞ்சியதா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் பெரிய விழாக்களுக்கு எதிரி இல்லை. கல்யாணம் விமரிசையாக நடக்கட்டும். ஆனால் குடித்தனம் நடத்தத் தனிக் கணக்கு வேண்டும் என்கிறேன்.

எஃப்-4: நியாயமாகப் பார்த்தால்

இப்போது இந்தியாவில் புதிதாக வந்திருப்பது எஃப்-4. சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ. உருவாக்கிய வகை. கார்ட்டிங் முடித்த பிள்ளைகள் பெரிய கார்களுக்குப் போகும் முன் ஏற வேண்டிய படி. முதல் தொடர்கள் 2014-ல் ஐரோப்பாவில் தொடங்கின. பதினைந்து வயதானால் ஓட்டலாம். இந்தியத் தொடரின் முதல் சீஸன் 2023-ல் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஓடி, ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் சாம்பியன் ஆனார். தீவுத்திடல் இரவுப் பந்தயம் அந்த 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024-ல் நடந்தது.

பழைய ஆட்கள் சிலர், "பிரெஞ்சுக் கார், பிரெஞ்சு எஞ்சின், நமக்கு இதுல என்ன இருக்கு?" என்கிறார்கள். அதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு காரணம்.

ஒன்று, உயிர். எஃப்-4 காரில் ஓட்டுகிறவன் உட்காருவது கார்பன் ஃபைபர் கூட்டுக்குள். தலைக்கு மேலே 'ஹாலோ' என்ற வளையம். ஃபார்முலா ஒன்னில் 2018-ல் அது கட்டாயமானபோது அழகு கெட்டது என்று கேலி செய்தவர்கள் உண்டு. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு உள்ளே போய் இரண்டாக உடைந்து தீப்பற்றியது. மனிதர் தீக்குள்ளிருந்து தானே எழுந்து வந்தார். கேலி அன்றோடு நின்றது. இந்தக் கூட்டை நம் பட்டறையில் ஃபைபர் துணி ஒட்டிச் செய்துவிட முடியாது. மோதல் சோதனையில் தேற வேண்டும்.

இரண்டு, கணக்கு. ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று வருஷத்தில் நாற்பது புள்ளி. எஃப்-4 சாம்பியனுக்கு அதில் பன்னிரண்டு கிடைக்கும். அடுத்த படியான 'ஃபார்முலா ரீஜனல்' கார்களுக்குப் போனால் இன்னும் கூட. 270 குதிரைத்திறன் உள்ள அந்தக் கார்களின் ஆசியத் தொடர் 2018-ல் வேறு பெயரில் ஆரம்பித்து, பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டது. நம் ஊர்த் தொடர் எவ்வளவு நன்றாக நடந்தாலும், அங்கீகாரம் இல்லையென்றால் பையன் மறுபடியும் பூஜ்யத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டுக் கார் வந்தால் நம் தடத்துக்கும் நன்மைதான். சென்னையை மையமாக வைத்து நடந்த எம்.ஆர்.எஃப். சேலஞ்சில் 2016-17 சீஸனில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஓட்டினார். தங்கைகள் கவனிக்க வேண்டியது அடுத்த சீஸன். 2018 பிப்ரவரியில் இருங்காட்டுக்கோட்டையில் அந்தப் பட்டத்தை ஜெயித்தது ஜேமி சாட்விக் என்ற ஆங்கிலப் பெண். பிறகு பெண்களுக்கான டபிள்யூ சீரிஸ் பட்டத்தையும் மூன்று முறை வாங்கினார்.

ஆக, எஃப்-4 வேண்டும். ஆனால் அது இரண்டாம் படி. முதல் படி இல்லாமல் இரண்டாம் படியில் கால் வைக்கச் சொன்னால், தாவத் தெம்புள்ளவன் மட்டும்தான் ஏறுவான். தெம்பு என்று இங்கே நான் சொல்வது பணத்தை.

பத்தாவது இடத்துக் கணக்கு

ஒரு கணக்குக்குப் பதினாறு கார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று பேருக்குக் கோப்பை, போட்டோ, கொஞ்சம் ஸ்பான்சர். கடைசி மூன்று பேரில் பாதிப் பேர் பொழுதுபோக்குக்காக வந்த வசதியானவர்கள், பாதிப் பேர் அடுத்த வருஷம் வர மாட்டார்கள். நடுவில் இருக்கிற பத்துப் பேர்தான் தொடரின் முதுகெலும்பு. நுழைவுக் கட்டணம், டயர், பெட்ரோல், லாரி வாடகை, மெக்கானிக் சம்பளம் எல்லாம் அந்தப் பத்து வீட்டில் இருந்துதான் வருகிறது. அவர்கள் விலகினால் பதினாறு ஆறாகும். ஆறு கார் ஓடினால் ஸ்பான்சர் போவான். ஸ்பான்சர் போனால் தொடர் போச்சு.

செட்டிபாளையத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பத்தாவது இடத்தில் வந்த பையனின் காரில் முன்பக்கக் கீழ் விஷ்போன் வளைந்திருந்தது. மறுநாள் ஓட விடமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் அப்பா ஜவுளி இயந்திர உதிரி பாகம் செய்யும் சின்ன யூனிட் வைத்திருப்பவர். கோபப்படவில்லை. "ஏனுங்க, இத மாத்துனா ஓடலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். அணியின் மெக்கானிக் வளைந்ததைக் கழற்றிக்கொண்டு ஆவாரம்பாளையம் போனார். அந்தக் காருக்கான ஜிக் அங்கே ஒரு பட்டறையில் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் புதுக் குழாயை வெட்டி, ஜிக்கில் பூட்டி, வெல்டிங் செய்து, விடியற்காலையில் கொண்டு வந்தார்கள். டை பெனட்ரன்ட் அடித்து வெல்டிங்கில் விரிசல் இல்லை என்று பார்த்து அனுமதித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பையன் பத்தாவதுதான் வந்தான். அப்பா சந்தோஷமாக இருந்தார். போகும்போது என்னிடம் கேட்டார்: "அடுத்த வருஷம் மொத்தம் எவ்வளவு ஆகுமுங்க?"

இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிகிற தொடர்தான் நிலைக்கும். என் அனுபவத்தில், செலவு அதிகம் என்று விலகுகிறவர்களை விட, எவ்வளவு ஆகும் என்றே தெரியாமல் விலகுகிறவர்கள் அதிகம். டயர் எத்தனை, பெட்ரோல் எவ்வளவு என்று முன்கூட்டியே போட்டுவிடலாம். போட முடியாதது உடைசல் செலவு. பாகம் கப்பலில் வர வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும் என்றால் ஒரு மூக்குப் பகுதி உடைந்தாலே ஒரு சுற்றுப் பந்தயம் போய்விடும். அதே பாகம் அரை மணி நேரத் தூரத்தில் கிடைத்தால், வீட்டுக்காரம்மாவிடம் சொல்லக்கூடிய செலவாக அது இருக்கும்.

தொடர் ஆரம்பிக்க ஆசைப்படும் அண்ணன்மார்களுக்கு நான் சொல்லும் யோசனைகள் இவைதான். நம் சர்வீஸ் கடைகளில் தினமும் திறந்து மூடுகிற எஞ்சினையே எடுங்கள்; எல்.ஜி.பி. ஃபார்முலா-4 கார்கள் ஸ்விஃப்ட் எஞ்சினில் இத்தனை வருஷம் ஓடியதே அதற்குச் சாட்சி. எஞ்சின்களை சீல் வைத்து, யாருக்கு எது என்று குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் விலையையும் விதிப் புத்தகத்திலேயே அச்சடியுங்கள்; சீஸன் நடுவில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு வருஷம் செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை என்று இரண்டு தடம் போதும். ஜெயித்தவனுக்குக் காசு கொடுக்காதீர்கள், எஃப்-4-ல் ஒரு இருக்கை வாங்கிக் கொடுங்கள். பத்தாவதாக வருகிறவனுக்கு ஒரு செட் டயர் கொடுங்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் அடுத்த வருஷம் அவன் வருவான்.

ஆம்புலன்ஸுக்குப் பிறகுதான் கொடி

செலவைக் குறைக்கும் பேச்சில் குறைக்கவே கூடாத ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார்ப் பந்தயத்தில் 59 வயதான மூத்த வீரர் ஒருவர் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் அதே தடத்தில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் இறந்தான். இரண்டு குடும்பம். அதை நினைக்காமல் நான் எந்தக் காரிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

டாக்டர், மீட்பு வண்டி, காரை வெட்டி ஆளை வெளியே எடுக்கப் பயிற்சி பெற்ற குழு, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆட்கள். இவர்கள் இடத்தில் இல்லையென்றால் பந்தயம் தொடங்கக் கூடாது. மந்திரி வந்து காத்திருந்தாலும் கூடாது, டி.வி. நேரலை போனாலும் கூடாது. முதல் வருஷ பட்ஜெட்டில் மேடை அலங்காரத்துக்கு எழுதும் முன் இதற்கு எழுதுங்கள். உள்ளூர்க் குழாய்ச் சட்டக் கார் என்றால் வேகத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். கூடு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வேகம்தான். ஓட்டுகிற பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. பிடிக்க வேண்டியதும் இல்லை.

நம் கல்லூரிக்கு என்ன வேலை?

பேராசிரியர் ஒருவர் காலையில் காபி குடிக்கும்போது கேட்டார், "ஏம்ப்பா, படிக்கிற பசங்களுக்கு ரேஸ் எதுக்கு?" நியாயமான கேள்வி சார். ஓட்டுவதற்கு ஒரு காருக்கு ஒரு ஆள் போதும். ஆனால் அந்த ஒரு ஆளுக்குப் பின்னால் டேட்டா பார்க்க, சஸ்பென்ஷன் கணக்குப் போட, வெல்டிங் சோதிக்க, விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்து வேலையும் எஞ்சினியர் வேலை. ஃபெட்டீக் என்று ஐந்தாவது செமஸ்டரில் படித்ததை, வளைந்த விஷ்போனில் கை வைத்துப் பார்த்தவன் மறக்க மாட்டான்.

நம் மாணவர்கள் ஏற்கெனவே இதில் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் காரோடு போட்டியிடும் முறை 1981-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதே முறையில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டி சில வருஷங்களாக நம் கரி ஸ்பீட்வேயிலேயே நடக்கிறது. நாட்டின் பல மூலைகளில் இருந்தும் மாணவர்கள் ரயிலில் கார் ஏற்றிக்கொண்டு கோவைக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் தூரம். ஆனாலும் நம் பிள்ளைகள் கார் கட்டுவது எங்கே தெரியுமா? பழைய தெர்மல் லேப் மூலையில், பீரோக்களுக்கு நடுவே. நேற்று போய்ப் பார்த்தேன். எஞ்சினைச் சோதிக்க ஒழுங்கான டைனமோமீட்டர் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சந்திப்பின் தீர்மானங்களில் நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டுவது ஒன்று. கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் இருக்கும். வளைவு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, பெரியவர்கள் ஆசைப்பட்டது. ஒரு வருஷம் தள்ளி வையுங்கள் என்று கேட்கிறேன். அந்தத் தொகையில் முதலில் ஒரு எஞ்சின் டைனமோமீட்டரும் ஒரு நல்ல வெல்டிங் மேடையும் வாங்கித் தெர்மல் லேபில் வைப்போம்.

காரணம் இதுதான். நாளைக்கு நம் பகுதியில் ஒரு தொடர் ஆரம்பித்தால், சீல் வைப்பதற்கு முன் எல்லா எஞ்சினும் ஒரே சக்திதானா என்று யாராவது சொல்ல வேண்டும். எந்த அணியையும் சேராத, எல்லோரும் நம்புகிற இடம் வேண்டும். முதலில் நான், விதி ஒரு மாதிரி நடைமுறை ஒரு மாதிரி என்றேனே, அது நடப்பது இங்கேதான். "அவன் எஞ்சின் மட்டும் நல்லா இழுக்குதுங்க" என்ற சந்தேகம் வந்துவிட்டால், நடு வரிசை வீடுகள் முதலில் கிளம்பிவிடும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற அச்சுத்தாள் நம் கல்லூரி லேபில் இருந்து, நம் மூன்றாம் ஆண்டு மாணவர் கையால் வரட்டும். தொடர் வராவிட்டால்? மிஷின் லேபில்தான் இருக்கும். மாணவர்கள் படிப்பார்கள், சுற்றி உள்ள சின்னத் தொழிற்சாலைகளுக்குச் சோதனை செய்து கொடுக்கலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த பந்தய நாளில் கொடி பிடிக்கத் தன்னார்வலர்கள் தேவை. காலை ஆறு மணிக்கு வர வேண்டும், வெயில் இருக்கும், மதியம் பொட்டலச் சாப்பாடு. பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் சாப்பிட்ட பிறகு என்னை வந்து பாருங்கள். அண்ணன்மார்களே, நீங்கள் சாப்பிடும் முன்பே சங்கப் பொருளாளரைப் பாருங்கள். தீர்மானம் மூன்று மணிக்கு ஓட்டுக்கு வருகிறது.